வெள்ளை முழி

ஓவியம் பற்றி எழுத உனக்கு என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால், சுவர் எழுதின கை இருக்கிறது என்றுதான் சொல்ல முடியும். பள்ளிக்கூடம் முடித்த பிறகு ஆறேழு வருஷம் சுவர் எழுதினேன். கட்சிச் சின்னம், சினிமாக் கொட்டகை விளம்பரம், உர மூட்டை விளம்பரம் எல்லாம் எழுதியிருக்கிறேன். பட்டை பிரஷைச் சாயத்தில் முக்கி, சொட்டாமல் டப்பா ஓரத்தில் வழித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பில் 'க' போடுகிறவனுக்குத் தெரியும், கோடு என்பது கையில் மட்டும் இல்லை, முதுகிலும் தோளிலும் இருக்கிறது என்று. தப்பு வந்தால் சுண்ணாம்பு அடித்து மறைத்துக்கொள்ளலாம். அது எங்கள் தொழிலில் இருந்த ஒரு சலுகை.

அந்த நாட்களில் ஒரு தோழர் தடிமனான ஓவியப் புத்தகத்திலிருந்து ஜெராக்ஸ் எடுத்த தாள் ஒன்றைக் கொடுத்தார். சீனப் படம். ஒரு பறவை ஒற்றைக் காலில் நிற்கிறது. நிற்க ஒரு கல், அதுவும் முழுசாக இல்லை. மற்றதெல்லாம் வெறும் தாள். வானம் இல்லை, தரை இல்லை, கிளை இல்லை. முதுகு ஒரே ஈரப் பட்டையாக விழுந்திருக்கிறது. வால் காய்ந்த பிரஷில் இழுத்தது. மை முழுசாகப் பிடிக்காமல் நடுவில் வெள்ளை வெள்ளையாகக் கீறிக்கொண்டு போகிறது. சீனர்கள் அதற்குப் 'பறக்கும் வெள்ளை' என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்று பின்னால் படித்தேன். கால் ஒரே கோடு. என்ன பறவை என்று கேட்டால் சொல்ல முடியாது. மைனா என்றால் மைனா, குருவி என்றால் குருவி. பாதி பறவை, பாதி மை. ஆனால் கண் மட்டும் தெளிவாக இருக்கிறது. வட்டமாக இல்லாமல் கொஞ்சம் சப்பையாக ஒரு கோடு. அதற்குள்ளே கருமணி மேல் இமையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே முழுசும் வெள்ளை.

அந்தக் கண்ணைப் பார்த்ததும் எனக்கு எங்கள் தாத்தா ஞாபகம் வந்தது. அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. தாத்தா பண்ணையில் படியாளாக இருந்தவர். கண்டுமுதல் ஆகிற நாளில் களத்துமேட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போவார். ஆண்டை கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். கூலி நெல் அளக்கிறபோது மரக்கால் தலை தட்டும், ஒன்று குறையும். தாத்தா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலை குனிந்து நிற்பார். நான் அவர் முழங்கால் உயரம். கீழேயிருந்து நிமிர்ந்து பார்க்கிறவனுக்குத்தான் குனிந்தவன் முகம் தெரியும். தலை கீழே இருக்கும். கண் மட்டும் மேலே ஏறியிருக்கும். கருமணி புருவத்துக்கடியில் போய் ஒட்டிக்கொள்ள, கீழே வெள்ளை தெரியும்.

ஒரு தடவை ஆண்டை அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடா முழிக்கிற?"

"ஒண்ணுமில்லீங்க ஆண்டை."

"கொறஞ்சிபோச்சின்னு முழிக்கிறியா?"

"ஐயோ, இல்லீங்க சாமி."

அவ்வளவுதான் பேச்சு. அடி இல்லை, உதை இல்லை. நெல்லைத் துண்டில் முடிந்துகொண்டு வந்துவிட்டோம். வழியில் தாத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. தலை நிமிர்ந்து பார்ப்பது குற்றம். குனிந்தே பார்ப்பதும் குற்றம். பார்வை என்கிற ஒன்று இருக்கவே கூடாது. இதை எந்தச் சாத்திரத்திலும் படிக்க வேண்டியதில்லை, களத்துமேட்டிலேயே கற்றுக்கொள்ளலாம்.

தலை குனிந்த உடம்பிலிருந்து கண்ணை மேலே தூக்கினால் அப்படித்தான் வெள்ளை தெரியும். அது உடம்பின் கணக்கு. அதனால் சீனத்தில் யாரோ ஒரு ஏழை, நம்மைப் போல மிதிபட்டவன், தன் ஆண்டையைப் பார்த்த பார்வையைத்தான் பறவைக்கு வைத்திருக்கிறான் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். அந்தத் தாளை அட்டையில் ஒட்டிப் பல வருஷம் சுவரில் மாட்டி வைத்திருந்தேன். வருகிற தோழர்களிடம் "நம்ம ஆளு வரஞ்சது" என்று சொல்லியிருக்கிறேன்.

வரைந்தவர் யார் என்று பிறகுதான் தெரிந்தது. பேர் ஜூ தா. பாடா ஷான்ரென் என்ற பேரில் கையெழுத்துப் போட்டவர். 1626இல் நான்சாங் நகரத்தில் பிறந்தார். மிங் அரச வம்சத்துப் பிள்ளை. 1368இல் மிங் அரசை நிறுவிய பேரரசனின் மகன்களில் ஒருவனான ஜூ சுவானின் வழியில் வந்தவர். 1644இல் மிங் அரசு விழுந்தது, மஞ்சுக்களின் சிங் அரசு வந்தது. அப்போது இவருக்கு வயது பதினெட்டு. அரச குலத்தான் என்று தெரிந்தால் தலை போகும் என்ற காலம். 1648இல் பௌத்தத் துறவியாகி மடத்துக்குள் மறைந்துகொண்டார். முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வாழ்க்கை. 1680 வாக்கில் பைத்தியம் பிடித்ததாகச் சொல்கிறார்கள். நடிப்பு என்றும் சொல்கிறார்கள். துறவி உடையை அழித்துவிட்டுத் தெருவில் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் திரிந்தார். அதற்குப் பிறகு படம் வரைந்து விற்றுப் பிழைத்து, 1705இல் இறந்தார். பாடா ஷான்ரென் என்ற நான்கு எழுத்துக்களையும் மேலிருந்து கீழாக அவர் எழுதுகிற விதத்தில் 'அழுகிறான்', 'சிரிக்கிறான்' என்ற இரண்டு சொற்கள் போலத் தெரியும் என்கிறார்கள்.

கண்ணுக்கும் ஒரு கதை உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் ருவான் ஜி என்றொரு கவிஞர், தனக்குப் பிடித்தவர்களைக் கருமணியால் பார்ப்பார், பிடிக்காதவர்களுக்கு வெள்ளை முழியைக் காட்டுவார் என்று பேர் வாங்கியவர். அதிலிருந்து வெள்ளை முழி என்றால் இகழ்ச்சி என்று படித்த சீனர்களுக்குப் புரியும். ஜூ தாவின் பறவையும் மீனும் இப்படித்தான் முழிக்கின்றன. 1690இல் அவர் வரைந்த மயில் படம் ஒன்று உண்டு. உருண்டுவிடும் போலிருக்கிற கல்லின்மேல் அவலட்சணமாக இரண்டு மயில்கள். ஆடுவதற்குத் தோகை இல்லை, மூன்றே மூன்று இறகு. சிங் அரசு தன் அதிகாரிகளின் தொப்பிக்கு மயிலிறகு கொடுத்துக் கௌரவித்தது; அதற்கு வாலாட்டியவர்களைக் கேலி செய்த படம் என்று அதை வாசிக்கிறார்கள். ஆக பறவையின் முழி, பறிபோன அரசுக்காக ஒரு அரச குலத்தவன் புது எசமானர்களைப் பார்த்து முழித்த முழி.

எனக்கு ஏமாந்துபோன மாதிரி இருந்தது. தாத்தாவின் கண்ணைக் கொண்டுபோய் ஒரு ஆண்டையின் முகத்தில் வைத்துவிட்டேன் என்று பட்டது. படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன்.

கோபத்தில் மிங் வரலாறு தேடிப் படித்தேன். கோபம் கூடியது. அந்த அரசில் அரச குலத்தாருக்கெல்லாம் பிறப்பின் பேரால் அரசாங்கப் படியளப்பு உண்டு. உழக் கூடாது, வியாபாரம் செய்யக் கூடாது, உட்கார்ந்து தின்பதுதான் குலத் தொழில். கடைசிக் காலத்தில்தான் இது கொஞ்சம் தளர்ந்தது. 1562இல் லின் ருன் என்ற அதிகாரி பேரரசனுக்கு எழுதிய மனுவில் ஒரு கணக்குக் கொடுக்கிறார். தலைநகரத்துக்கு வருஷா வருஷம் போகிற தானியம் 40 லட்சம் ஷி. அரச குலத்தாருக்கு அளக்க வேண்டியது 85 லட்சத்து 30 ஆயிரம் ஷி. ஷி என்பது அவர்களுடைய மரக்கால் கணக்கு. இந்த நெல்லை யார் விளைவித்தது? இதே அரசுதான் குடிகளைப் படைக் குடும்பம், கைவினைக் குடும்பம் என்று பிரித்து, அப்பன் தொழிலை மகன் செய்ய வேண்டும் என்று பதிவேட்டில் எழுதி வைத்தது. இத்தனைக்கும் மிங் அரசை நிறுவிய ஜூ யுவான்ஜாங் ஏழை விவசாயி வீட்டுப் பிள்ளை. பஞ்சத்தில் பெற்றோரைப் பறிகொடுத்து மடத்தில் அடைக்கலமாகிப் பிச்சை எடுத்தவர். கீழேயிருந்து போனவன் மேலே போனதும் ஏணியை என்ன செய்வான் என்பதற்கு இதைவிட வேறு கதை வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது. 1644இல் மிங் தலைநகரத்தை முதலில் பிடித்தது மஞ்சுக்கள் இல்லை. பசியில் எழுந்த விவசாயிகளின் கலகப் படை பிடித்தது. அதன் தலைவர் லி ஜிசெங் அஞ்சல் நிலையத்தில் வேலை பார்த்தவர். கடைசி மிங் பேரரசன் தூக்குப் போட்டுக்கொண்டது அந்தப் படை நகரத்துக்குள் வந்தபோதுதான். மஞ்சுக்கள் அதற்குப் பின்னால் வந்தார்கள். அப்படியானால் பறவையின் வெள்ளை முழி யாரைப் பார்த்து? மஞ்சுவை மட்டுமா? மண்வெட்டியோடு எழுந்த கூலிக்காரனையும் பார்த்தா?

நண்பர்கள் இரண்டு பேரிடம் இதைச் சொல்லி விவாதித்தேன். ஒருவர் சட்டென்று முடித்துவிட்டார். "ராஜா வூட்டுப் புள்ள சொத்து போச்சின்னு அழுவுறான். அந்த எழவுக்கு நாம ஏன் மாரடிக்கணும்? கிழிச்சிப் போடு." மற்றவர் கொஞ்சம் படித்தவர். "கலைக்கு வர்க்கமும் கிடையாது, சாதியும் கிடையாது தோழர். துக்கம் எல்லாருக்கும் பொது. படத்த மட்டும் பாருங்க, யாரு வரஞ்சான்னு பாக்காதீங்க."

இரண்டாவது பேச்சு நமக்குப் பழக்கமானது. எல்லாருக்கும் பொது என்று சொல்லப்பட்ட குளத்தில் நம்மால் தண்ணீர் எடுக்க முடியவில்லை என்பதைத்தான் 1927இல் மகாடில் அம்பேத்கர் காட்டினார். பொதுவான துக்கமும் அப்படித்தான். படியளப்பு இழந்தவன் துக்கமும், மரக்கால் குறைந்தவன் துக்கமும் ஒன்று என்று சொல்வதால் யாருக்கு லாபம் என்று கேட்க வேண்டும். படத்தை மட்டும் பார் என்றால் பாதியைப் பார் என்று அர்த்தம்.

முதல் பேச்சில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதை ஒப்புக்கொண்டால் எனக்கு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. யார் வரைந்தது என்று தெரியாதபோது அந்தக் கண்ணில் தாத்தாவைப் பார்த்தேனே, அது பொய்யா? என் உடம்பு தப்பாக அடையாளம் கண்டுவிட்டதா? தப்பாக இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். காரணம், அந்தப் பார்வை ரத்தத்திலிருந்து வருவதில்லை, நிற்கிற நிலையிலிருந்து வருகிறது. யாரைக் கொண்டுவந்து அந்த நிலையில் நிறுத்தினாலும் கண் அப்படித்தான் ஏறும். 1645இல் சிங் அரசு ஆண்கள் எல்லாரும் முன்னந்தலையைச் சிரைத்துக்கொண்டு பின்னால் சடை போட வேண்டும், இல்லையென்றால் தலை இருக்காது என்று ஆணையிட்டது. அதே வருஷம் யாங்ஜோ நகரத்தில் பெரும் படுகொலை நடந்தது. அந்தப் பயம் நிஜம். தாத்தா பிறக்கும்போதே கற்றுக்கொண்ட பாடத்தை ஜூ தா பதினெட்டு வயசுக்குமேல் கற்றுக்கொண்டார். தாமதமாகக் கற்றுக்கொண்டார் என்பதால் கற்றுக்கொண்டது பொய்யாகிவிடாது.

கோட்டைப் பாருங்கள். இதைச் சுவர் எழுதினவனாகச் சொல்கிறேன். பைன் மரத்தை எரித்த கரியைப் பசையோடு பிசைந்து செய்த மைக்கட்டியைக் கல்லில் உரைத்து, மிருக மயிர்ப் பிரஷில் தோய்த்து, மரப்பட்டையும் வைக்கோலும் சேர்த்துச் செய்த தாளில் வைக்கிறார்கள். அந்தத் தாள் வைத்த மாத்திரத்தில் மையைக் குடிக்கும். தயங்கினால் ஊறிப் பரவும். சுண்ணாம்பு அடித்து மறைக்கிற சலுகை கிடையாது. அந்த ஒற்றைக் காலை இழுத்த கையில் தயக்கம் இல்லை, அவசரமும் இல்லை. ராஜகுமாரனாகவே இருந்திருந்தால் அவர் நன்றாக வரைந்திருப்பார். ஆனால் ஒற்றைக் காலில் நிற்பது எப்படி என்று அந்தக் கோட்டுக்குத் தெரிந்திருக்காது. நிற்க இடமில்லாதவன் இழுத்த கோடு அது. அதில் உள்ள அறிவு அவருடைய வம்சம் கொடுத்ததில்லை, வம்சம் போனதால் வந்தது.

ஆனால் இங்கேயே ஒரு வித்தியாசத்தையும் சொல்லிவிட வேண்டும். பழைய வாழ்க்கைக் குறிப்பு ஒன்று இப்படிச் சொல்கிறது: ஜூ தாவின் அப்பா வாய் பேச முடியாதவர், நல்ல ஓவியர். அரசு விழுந்த பிறகு அவர் இறந்துபோனார். மகனும் ஒரு நாள் தன் வீட்டுக் கதவில் 'ஊமை' என்று பெரிதாக எழுதி ஒட்டிவிட்டு, அதன் பிறகு யாரிடமும் பேசவில்லை. இதைப் படிக்கிறவர்கள் என்ன எதிர்ப்பு, என்ன ரோஷம் என்று வியக்கிறார்கள். நானும் வியந்தேன். பிறகுதான் கவனித்தேன். ஊமை என்று எழுத அவருக்கு எழுத்து இருந்தது. ஒட்டுவதற்குக் கதவு இருந்தது. இவர் ஏன் பேசவில்லை என்று கேட்க வெளியே ஆட்கள் இருந்தார்கள். பேச்சு இருக்கிறவன் பேச மறுத்தால்தான் அது மௌனம். பேச்சே மறுக்கப்பட்டவன் பேசாமலிருந்தால் அதை யார் கவனிப்பார்கள்? தாத்தா களத்துமேட்டிலிருந்து வீடு வரைக்கும் பேசாமல் வந்தாரே, அதை எந்த வாழ்க்கைக் குறிப்பும் எழுதவில்லை.

அதனால்தான் மௌனத்தை அழகென்று சொல்கிற கலைக் கொள்கைகளிடம் நாம் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டியிருக்கிறது. 1920 ஜனவரி 31இல் அம்பேத்கர் தன் முதல் பத்திரிகையைத் தொடங்கியபோது அதற்கு 'மூக்நாயக்' என்று பேர் வைத்தார். ஊமைகளின் தலைவன் என்று அர்த்தம். ஜூ தா கதவில் எழுதியதும் அதே சொல்தான். அவர் அந்தச் சொல்லை எழுதிவிட்டுப் பேச்சை நிறுத்தினார். அம்பேத்கர் அந்தச் சொல்லை எழுதிவிட்டுப் பேச்சைத் தொடங்கினார். அதற்கும் முன்னாலேயே 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று தலைப்பில் போட்டுப் பத்திரிகை நடத்தினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். நம்முடைய ஊமைக்கு வெற்றுத் தாள் கட்டுப்படியாகாது. தாளை நிரப்பித்தான் ஆக வேண்டும். ஜூ தாவின் தாளில் பறவையைச் சுற்றி இருக்கிற வெறுமையை விமர்சகர்கள் தத்துவமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அந்த வெறுமையில் விடுபட்டவர்கள் தெரிகிறார்கள்.

அப்படியானால் அந்த பிரஷை நாம் தொடலாமா, கூடாதா? இதற்குச் சீனத்திலேயே ஒரு தச்சர் பதில் சொல்லியிருக்கிறார். சி பாய்ஷி 1864இல் ஹூனான் மாகாணத்தில் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பல வருஷம் மரச் சிற்பத் தச்சு வேலை செய்து சாப்பிட்டவர். பிறகு ஓவியரானார். ஜூ தாவின் படங்களின்மேல் உயிரையே வைத்திருந்தார். ஒரு செய்யுளில், ஜூ தா உட்பட மூன்று பழைய ஓவியர்களின் வாசலில் நாயாகக் கிடக்கவும் தயார் என்று எழுதியிருக்கிறார். எனக்கு அந்த இடம் உறுத்துகிறது. தச்சன் இவ்வளவு உயரத்துக்கு வந்தும் அரச குலத்தான் வாசலில் நாயாகத்தான் கிடக்க வேண்டுமா? பெய்ஜிங்குக்கு வந்த புதிதில் ஜூ தாவைப் போலவே குளிர்ந்த, வெறிச்சோடிய படங்களை அவர் வரைந்தார். யாரும் வாங்கவில்லை. பிறகு ஒரு நண்பர் சொல்லித் தன் வழியைத் தேடினார். அப்புறம் அவர் வரைந்தது என்ன? இறால், நண்டு, முட்டைக்கோஸ், கோழிக்குஞ்சு. சருகு வாருகிற வாரியைக்கூடத் தனிப் படமாக வரைந்தார். ஜூ தாவிடமிருந்து எடுத்துக்கொண்டது திருத்த முடியாத அந்த ஒற்றைக் கோட்டை. அதை வைத்துத் தன் வீட்டு வாரியை வரைந்தார். செய்யுளில் நாயாக இருக்கிறேன் என்று சொன்னவர் படத்தில் நாயாக இல்லை. 1957இல் இறக்கும்வரை அப்படித்தான் வரைந்தார். ஆகவே பிரஷ் யார் வீட்டுச் சொத்தும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். ஆண்டை வீட்டு மண்வெட்டியும் நம் கையால் தேய்ந்ததுதானே.

இதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தாத்தா பார்வையும் பத்திரம், படமும் பத்திரம். ஆனால் சீன வரலாற்றில் இன்னொரு இடம் என்னை விடவில்லை.

மிங் காலத்தில் 'இழிந்த குடிகள்' என்று சில கூட்டங்களை ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஷான்ஸியில் இசைக் குடும்பங்கள், ஷாவோஷிங் பக்கத்தில் 'தாழ்ந்து போனவர்கள்' என்று பேர் பெற்றவர்கள், குவாங்டோங்கில் படகிலேயே வாழ்ந்தவர்கள். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மேளம் வாசிப்பது, முடி வெட்டுவது, தவளை பிடிப்பது இவர்கள் வேலை. மற்றவர்களோடு கல்யாண உறவு கிடையாது, அரசுத் தேர்வு எழுத முடியாது. 1402இல் யோங்லெ பேரரசன் அண்ணன் மகனிடமிருந்து அரியணையைப் பறித்தபோது, எதிர்த்த அதிகாரிகளின் பெண்களையும் பிள்ளைகளையும் இசைக் குடும்பமாக்கினான். அவர்களுடைய வழியில் வந்தவர்களே ஷான்ஸிக்காரர்கள் என்பது பரம்பரைச் செய்தி. அந்தப் போரில் யோங்லெயின் பக்கம் இழுக்கப்பட்டு, பிறகு நான்சாங்கில் குடியமர்த்தப்பட்ட தம்பிதான் ஜூ சுவான், நம் ஓவியரின் மூதாதை. இந்தக் குடிகளின் இழிநிலையைச் சட்டத்தில் நீக்கியது யார்? ஜூ தா வெறுத்த அதே சிங் அரசு. 1723இல் யோங்ஜெங் பேரரசன் இசைக் குடும்பங்களையும் ஷாவோஷிங்காரர்களையும் பதிவேட்டிலிருந்து விடுவித்தான். 1729இல் படகுக்காரர்களையும். அதுவும் முழு விடுதலை இல்லை. இவர்களில் ஒருவன் தொழிலை விட்டு, நான்கு தலைமுறை சுத்தமாக இருந்த பிறகுதான் அந்த வம்சம் தேர்வு எழுதலாம் என்று 1771இல் விதி போட்டார்கள். நம் அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவுக்குப் பிறகும் இரண்டு டம்ளர் பார்த்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஷாவோஷிங்கில் பிறந்த லூ சுன் 1933இல் இந்த மக்களைப் பற்றி ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். அவர் வீட்டுக்கு ஊழியம் செய்ய வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம், புரட்சிக்குப் பிறகு அவருடைய அம்மா, இனிமேல் நீங்கள் வர வேண்டியதில்லை என்று சொன்னாராம். அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக வருவோம் என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

ஜூ தாவின் படங்களில் பறவை இருக்கிறது, மீன் இருக்கிறது, தாமரை இருக்கிறது, கல் இருக்கிறது. இந்த மேளக்காரர்கள் நான் பார்த்த எந்தப் படத்திலும் இல்லை. பறவையின் கருமணி மேலே மட்டும் ஏறியிருக்கிறது. தனக்குமேல் நிற்கிறவனை அது பார்க்கிறது, இகழ்கிறது. தன் காலுக்குக் கீழே யார் என்று அது பார்க்கவில்லை. மேலே மட்டும் பார்க்கிற பார்வை அநீதியை எதிர்க்கிறதா, இல்லை, இழந்த இடத்தைத் திருப்பிக் கேட்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்தப் படத்தின் குறை என்று நான் எழுத நினைத்தது இதைத்தான். எழுதிக்கொண்டிருக்கும்போது கை நின்றது.

எங்கள் தெருவுக்கும் ஒரு குடும்பம் துணி வெளுத்தது. அரசாங்கப் பட்டியலில் அவர்களுக்குப் புதிரை வண்ணார் என்று பேர். தீட்டுத் துணி, சாவுத் துணி எல்லாம் அவர்கள்தான். பொழுது சாய்ந்தால் அந்த வீட்டு அம்மா தெருத் தெருவாகச் சோறு வாங்க வரும். தாத்தாவைவிட வயசில் மூத்த அந்த வீட்டுப் பெரியவரைத் தாத்தா பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். "டேய், வெள்ளாவி இன்னும் வெக்கிலியா? இன்னாடா முழிக்கிற?" என்று அவர் சத்தம் போட்டதை நானே கேட்டிருக்கிறேன். களத்துமேட்டில் கேட்ட அதே வார்த்தை. சொன்ன வாய்தான் வேறே. ஆண்டை வாயிலிருந்து இறங்கி எங்கள் வாய்க்கு வந்து, எங்களுக்குக் கீழே போய்விட்டது. அம்பேத்கர் இதைப் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னார். மேலே ஏற ஏற மரியாதை, கீழே இறங்க இறங்க இகழ்ச்சி. ஒவ்வொருவனுக்கும் மிதிக்க ஒருத்தன் கிடைப்பதால் யாரும் மொத்தத்தையும் இடிக்க வருவதில்லை. இதை மேடையில் நான் எத்தனை முறை பேசியிருப்பேன்! தாத்தாவை அதற்குள் வைத்துப் பேசியதில்லை. தாத்தா பெயரைச் சொன்னால் கண் கலங்கும். அந்தப் பெரியவர் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

அரச குலத்தானுக்கு ஒரு நியாயம், தாத்தாவுக்கு ஒரு நியாயம் என்று நான் வைத்துக்கொள்ள முடியாது. இரண்டும் ஒரே அளவு என்றும் சொல்ல மாட்டேன். 85 லட்சம் ஷி தின்ற குலமும், ஒரு மரக்கால் நெல் குறைந்து வீடு வந்த கிழவனும் ஒன்றாக முடியாது. அதிகாரத்தின் எடை வேறே. ஆனால் கேள்வி ஒன்றுதான். உன்னை மிதிக்கிறவனை நீ எப்படிப் பார்த்தாய் என்பதோடு, உன்னால் மிதிபடுகிறவன் உன்னை எப்படிப் பார்த்தான் என்பதை நீ பார்த்தாயா? ஒடுக்கப்பட்டவன் என்ற தகுதி முதல் கேள்விக்குப் பதிலாகலாம். இரண்டாவதற்கு ஆகாது. நம் இயக்கங்களுக்குள்ளே அருந்ததியர் எழுந்து கேட்டபோதும், பெண்கள் எழுந்து கேட்டபோதும், "ஒற்றுமைய ஒடைக்காதீங்க" என்று நம்மில் பலர் முகம் சுளித்தோமே, அப்போது நம்மைப் பார்த்த கண்களில் கருமணி எங்கே இருந்தது என்று யாராவது கவனித்தோமா?

படத்தை மறுபடியும் சுவரில் மாட்டியிருக்கிறேன். இப்போது யாராவது கேட்டால், நம் ஆள் வரைந்தது என்று சொல்வதில்லை. படியளப்பு இழந்த ஒருவர் வரைந்தது, பார்வை சரியாக விழுந்திருக்கிறது, ஆனால் ஒரு பக்கம்தான் பார்க்கிறது என்று சொல்கிறேன். போன மாசம் என் மகள் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா இந்தக் குருவி ஒன்ன மொறைக்குது?" என்று கேட்டாள். குருவி மேலே பார்க்கிறது, என்னைப் பார்க்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். படம் ஆணியில் தாழ்வாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் சொன்னது சரிதான்.

அன்றைக்கு ராத்திரி அந்த வண்ணார வீட்டு அம்மாவின் முகத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். "சோறு போடுங்க சாமி" என்று வாசலுக்கு வெளியே நிற்கும். எங்கள் ஆயா படியில் நின்று, கை படாமல் தூக்கிப் பிடித்துக் கொட்டும். நான் ஆயா பக்கத்தில் மேல்படியில் நிற்பேன். கலைந்த நரைமுடி ஞாபகம் இருக்கிறது. வகிடு ஞாபகம் இருக்கிறது. ஏந்தின ஈயக் குண்டான் ஞாபகம் இருக்கிறது. கண் ஞாபகம் இல்லை. தாத்தா கண்ணைக் கீழேயிருந்து பார்த்தேன், அதனால் தெரிந்தது. அந்த அம்மாவை மேலேயிருந்துதான் பார்த்திருக்கிறேன்.